45 நிமிடப் பயிற்சியும் 30 மணி நேர வகுப்பறையும்

எங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை இயன்முறைப் பயிற்சி நடைபெறுகிறது. ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 45 நிமிடம் கிடைக்கும். அதே குழந்தை வாரத்தில் ஐந்து நாள்கள், நாளுக்கு ஆறு மணி நேரம் என 30 மணி நேரம் நம் வகுப்பறையில் இருக்கிறது. 45 நிமிடம் நீட்டிவிட்ட தசை, அந்த 30 மணி நேரமும் கால் தரையில் எட்டாத பெஞ்சில் மடங்கியே கிடந்தால் பயிற்சிக்கு என்ன பலன்?

இந்தக் கணக்கை என்னிடம் போட்டுக் காட்டியவர் எங்கள் ஒன்றியத்தின் இயன்முறை மருத்துவர். குழந்தைகளும் பெற்றோரும் அவரைப் ‘பிசியோ மேடம்’ என்றே அழைக்கிறார்கள். நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பொறுப்பாசிரியராகவும் இருப்பதால், ஆறு ஆண்டுகளாக அவருடைய பணியை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். அவர் மாத்திரை தருவதில்லை, ஊசி போடுவதில்லை. அவர் செய்வதில் பெரும்பகுதி கற்பித்தல்தான்.

அவர் எப்படிக் குழந்தையை அணுகுகிறார், அதிலிருந்து வகுப்பறைக்கு நாம் எடுத்துவர வேண்டியவை எவை, இத்துறைக்குச் செல்ல விரும்பும் மேல்நிலை மாணவர்களுக்கு நாம் என்ன சொல்லலாம் ஆகியவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

தசைக்கும் உண்டு மறுகல்வி

இயன்முறை மருத்துவத்தில் ‘தசை மறுகல்வி’ என்றொரு சொல் உண்டு. கல்வி என்னும் சொல் மருத்துவத்துக்குள் எப்படி வந்தது என்று பார்த்தால், இத்துறையின் அடிப்படையே விளங்கிவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இளம்பிள்ளைவாதம் என்னும் போலியோ தாக்கிய குழந்தைகளின் கை கால்களைக் கட்டையும் மாவுக்கட்டும் கொண்டு அசையாமல் வைப்பதே பரவலான வழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் செவிலியராகப் பணியாற்றிய எலிசபெத் கென்னி இதற்கு எதிர்வழியில் சென்றார். சூடான ஈரக் கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து வலியைக் குறைத்தார். பிறகு மூட்டுகளை மெல்ல அசைத்து, எந்தத் தசை எந்த வேலையைச் செய்கிறது என்பதைக் குழந்தையே கவனித்து உணரும்படி பயிற்சி தந்தார். நோயைப் பற்றி அவர் கூறிய விளக்கங்கள் அனைத்தையும் மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஆனால் 1940இல் அவர் அமெரிக்கா சென்ற பின்னர், அவருடைய சிகிச்சை முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. அசையாமல் வைப்பதைவிட முறையாக அசைப்பதே மருந்து என்ற எண்ணம் வலுப்பெற்றது.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு மாற்றிப் பொருத்துவது அந்த முறை. அறுவை முடிந்தவுடன் கை வேலை செய்துவிடாது. இதுவரை ஒரு வேலையைச் செய்துவந்த தசை இப்போது வேறொரு வேலையைச் செய்ய வேண்டும். அதை மூளை புதிதாகக் கற்க வேண்டும். கத்தி சில மணி நேரத்தில் செய்ததைக் கை வாரக்கணக்கில் கற்றுக்கொண்டது. அந்தக் கற்பித்தல்தான் இயன்முறை மருத்துவத்தின் பங்கு.

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஏற்பட்ட கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று நம் பயிற்சி மையங்களுக்கு வரும் குழந்தைகளில் பலர் மூளை முடக்குவாதம் உள்ளவர்கள். நோய் மாறியிருக்கிறது. கற்பிப்பதே சிகிச்சை என்ற அடிப்படை மாறவில்லை.

இயந்திரங்களிலிருந்து பாய்க்கு

பிசியோ மேடம் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்து, இயன்முறை மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். முதலில் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினார். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், விபத்தில் எலும்பு முறிந்தவர்கள், கழுத்து வலிக்காரர்கள் என்று காலை முதல் இரவுவரை வரிசை நிற்குமாம். ஒருவருக்குப் பத்து நிமிடம்.

“அங்கே எல்லா மெஷினும் இருந்துச்சு டீச்சர், பேசத்தான் நேரம் இல்லை. மெஷினை மாட்டிவிட்டுட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிடணும். இங்கே ஒரு பாய், ஒரு பெரிய பந்து, ஒரு கண்ணாடி, பிடிச்சு நடக்கக் கம்பி. ஆனா பிள்ளையோட உட்கார்ந்து வேலை பார்க்க முடியுது” என்பார்.

இயந்திரம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், மெழுகு ஒத்தடம் எல்லாவற்றுக்கும் பயன் உண்டு. அவை வலியையும் இறுக்கத்தையும் குறைத்து உடலைத் தயார்ப்படுத்துகின்றன. அதன்பின் அசைய வேண்டியது நோயாளிதான். கரும்பலகையைத் துடைத்து வைத்தால் மட்டும் பாடம் நடந்துவிடாது அல்லவா?

முதலில் பார்ப்பது: என்ன முடிகிறது?

புதிதாக ஒரு குழந்தை வந்தால், அவர் உடனே தொட்டுப் பார்ப்பதில்லை. வாசலிலிருந்து பாய்வரை அது எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாரைப் பிடித்துக்கொள்கிறது, எந்தக் காலை முதலில் வைக்கிறது, உட்காரும்போது தொப்பென்று விழுகிறதா, மெல்ல அமர்கிறதா என்பதையெல்லாம் கவனிப்பார். வாசலில் கழற்றிய செருப்பைப் புரட்டிப் பார்ப்பார். செருப்பின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பது, அந்தக் குழந்தை எந்தப் பக்கம் எடையைத் தாங்கி நடக்கிறது என்பதைக் காட்டிவிடும்.

அடுத்து அளவீடு. மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்பதைக் கோணமானி கொண்டு அளந்து குறிப்பார். நம் கணக்குப் பெட்டியில் இருக்கும் கோணமானிக்கு இரண்டு நீண்ட கைகள் பொருத்தியதுபோல் அந்தக் கருவி இருக்கும். தசை வலிமைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. தசையில் அசைவே இல்லையென்றால் 0. மூட்டு அசையாவிட்டாலும் தசையில் ஒரு சிறு துடிப்புத் தெரிந்தால் 1. புவியீர்ப்பு குறுக்கிடாத நிலையில் வைத்தால் அசைக்க முடிகிறது என்றால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. அதற்கு மேல் ஓரளவு எதிர்விசையையும் தாங்கினால் 4. இயல்பான வலிமை 5.

இந்த அளவுகோல் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நம் மதிப்பெண் பட்டியலில் 0 வாங்கியவருக்கும் 1 வாங்கியவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. அவருடைய அட்டையிலோ அந்த 1 மிகப் பெரிய செய்தி. நரம்பு வழியே கட்டளை வந்து சேர்கிறது, இதை வைத்து வேலை செய்யலாம் என்பது அதன் பொருள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையறிந்து தொடங்குகிறோமே, அதே நோக்கம்தான். குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த படி எது என்று தெரியும்.

இலக்கு யாருடையது?

மதிப்பீடு முடிந்ததும் இலக்கு வகுக்க வேண்டும். இங்கேதான் அவருடைய அணுகுமுறையின் சிறப்பு வெளிப்படுகிறது.

நான்காம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். குறைமாதத்தில் பிறந்தவள், இரு கால்களிலும் தசை இறுக்கம். குதிகால் தரையில் படாமல், முழங்கால்கள் ஒன்றோடொன்று உரச நடப்பாள். “என் பொண்ணு மத்த பிள்ளைங்க மாதிரி நடந்தாப் போதும் மேடம்” என்றார் அவளுடைய அம்மா. எந்தத் தாய்க்கும் உள்ள ஆசைதான். மேடம் அதை மறுக்கவில்லை. அந்தச் சிறுமியிடம் திரும்பி, “ஸ்கூல்ல உனக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு கண்ணு?” என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மேடத்தின் காதருகில் ஏதோ சொன்னாள்.

கழிப்பறைக்குப் போவதுதான் அவளுக்குக் கஷ்டம். ஒவ்வொரு முறையும் யாரையாவது துணைக்கு அழைக்க வேண்டியிருப்பதால், அவள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர்ப் பாட்டில் தினமும் நிரம்பியபடியே வீட்டுக்கு வருவதாக அம்மாவும் அப்போது சொன்னார். முந்தைய மாதம் சிறுநீர்த் தொற்றுக்கு மருத்துவமனை சென்று வந்திருந்தார்கள்.

அன்றைய அட்டையில் எழுதப்பட்ட இலக்கு: “பள்ளிக் கழிப்பறைக்குத் தானே சென்று திரும்புதல்.” அதை மேடம் சிறு சிறு படிகளாகப் பிரித்தார். இருக்கையிலிருந்து கையூன்றி எழுவது. பிடிமானத்துடன் பத்து எண்ணும்வரை நிற்பது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பது. வகுப்பறையிலிருந்து கழிப்பறை வரையுள்ள 20 மீட்டரைக் கடப்பது. கம்பியைப் பிடித்து உட்கார்ந்து எழுவது. ஒவ்வொன்றுக்கும் எந்தத் தசை வலுப்பட வேண்டும், எந்தத் தசை இளக வேண்டும் என்று பார்த்துப் பயிற்சிகளை அமைத்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தலைமையாசிரியர் கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக் கம்பியும் மேற்கத்திய முறை இருக்கையும் அமைத்தார்.

கல்வியாண்டின் இறுதியில் அவள் தனியாகச் சென்று வந்தாள். மற்ற குழந்தைகளைப் போல ஓடவில்லை, இன்றும் ஓடுவதில்லை. ஆனால் தண்ணீர் குடித்தாள். நண்பகலுக்குப் பிறகு தலைவலி என்று படுப்பது நின்றது. மாலைப் பாடவேளைகளில் அவள் பெயர் அடிக்கடி கேட்டது.

இலக்கு குழந்தையின் அன்றாட வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்பதே இதில் நாம் காணும் பாடம். “காலைப் பத்து முறை தூக்கு” என்றால் எந்தக் குழந்தைக்கும் ஆர்வம் வராது. எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரிந்தால், அது பதினோராவது முறையும் தூக்கும்.

ஒரே பயிற்சி எல்லாருக்கும் ஆகாது

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு குழந்தைகள் ஒரே மாதிரி தடுமாறி நடப்பதாகத் தோன்றலாம். காரணம் வேறு வேறாக இருந்தால், சிகிச்சையும் முற்றிலும் வேறு.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்படும் பாதிப்பின் விளைவு. மூளையில் ஏற்பட்ட அந்தப் பாதிப்பு நாளடைவில் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்கு இறுக்கமான தசை ஈடுகொடுப்பதில்லை. அதனால் மூட்டுகள் மெல்ல மெல்ல மடங்கி இறுகுகின்றன. தொடக்கப் பள்ளியில் நடந்து வந்த குழந்தை, உயரம் கூடும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் நடக்கச் சிரமப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். “இனி என்ன மாறப்போகிறது” என்று அந்த வயதில் பயிற்சியை நிறுத்துவது அதனால்தான் ஆபத்து. இக்குழந்தைகளுக்கு நீட்டல் பயிற்சி, நிற்க வைத்தல், தசை வலுவூட்டல் ஆகியவை தொடர்ந்து தேவை.

தசைச் சிதைவு நோய் வேறு வகை. அதில் பரவலாகக் காணப்படும் டுஷேன் வகை, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் மரபணு நோய். தசைகளே படிப்படியாக வலுவிழக்கின்றன. முதல் வகுப்பில் நடந்து வந்த சிறுவனுக்குப் பன்னிரண்டு வயதையொட்டிச் சக்கர நாற்காலி தேவைப்படலாம். “நன்றாக உடற்பயிற்சி செய்தால் சரியாகிவிடும்” என்று இவனை ஓடவிடுவதும், மாடிப்படியில் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் தசைக்குக் கூடுதல் சேதம் விளைவிக்கும். இங்கே இயன்முறை மருத்துவரின் நோக்கம், களைப்படையாத அளவில் மூட்டுகள் இறுகாமல் காப்பதும், இருக்கும் திறனை இயன்ற வரை நீட்டிப்பதும், மூச்சுத் தசைகளைக் கவனிப்பதும் ஆகும்.

இந்த நோயின் தொடக்க அறிகுறிகள் ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியரின் கண்ணில் முதலில் படக்கூடும். அடிக்கடி விழுதல், படியேறத் திணறுதல், முன்னங்காலால் நடத்தல், கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரிதல் ஆகியவை சில. எல்லாவற்றுக்கும் மேலாக, தரையிலிருந்து எழும்போது கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, தன் உடல்மீதே ஏறுவதுபோல் எழுதல். இப்படி ஒரு குழந்தையைக் கண்டால், சோம்பேறித்தனம் என்று எண்ணாமல் பெற்றோரிடமும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் தெரிவிக்க வேண்டும். நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் வேலையன்று. பார்த்ததைச் சொல்வது நம் வேலை.

செய்து கொடுப்பதன்று, செய்ய வைப்பது

ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் ஒன்றைக் காணலாம். நல்ல கையாலேயே எல்லாவற்றையும் செய்து பழகிவிடுவதால், பாதிக்கப்பட்ட கையில் இருக்கும் கொஞ்சத் திறனையும் மூளை மறந்துவிடுகிறது. கற்றுக்கொண்ட பயன்பாடின்மை என்று இதனைக் குறிப்பிடுகிறார்கள். இதை மாற்ற, நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டி, நாளில் குறிப்பிட்ட நேரம் பாதிக்கப்பட்ட கையால் மட்டுமே விளையாடச் செய்யும் சிகிச்சைமுறை ஒன்று உண்டு. அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஆனால் இரண்டு கையும் தேவைப்படும் வேலைகளை வகுப்பறையில் நாம் தாராளமாகக் கொடுக்கலாம். எழுதும்போது பாதிக்கப்பட்ட கையால் நோட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வது, பென்சில் சீவுவது, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பது, காகிதம் மடிப்பது எல்லாம் பயிற்சிதான்.

மையத்தில் ஒரு குழந்தை எழுந்திருக்க முயலும்போது, மேடம் கையை நீட்டிப் பிடிக்கத் தயாராக இருப்பார். ஆனால் தொடமாட்டார். “நீயே எந்திரி, நான் இங்கேதான் இருக்கேன்” என்பார். அது எழுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். பக்கத்தில் நிற்கும் பெற்றோரால் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியாது, ஓடிவந்து தூக்கிவிடப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டுவிட்டு மாணவர் யோசிக்கும்போது நாமே விடையைச் சொல்லிவிடத் துடிக்கும் கணம்தான் அது. பொறுத்திருப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதி.

வீட்டுப் பயிற்சி விஷயத்திலும் அவர் நடைமுறை அறிந்தவர். மையத்துக்கு வரும் தாய்மார்களில் பலர் அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். போக்குவரத்துப் படி கிடைத்தாலும் ஒருநாள் கூலி போனது போனதுதான். அவர்களிடம் “காலையும் மாலையும் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுங்கள்” என்று அவர் சொல்வதில்லை. “காலையில எத்தனை மணிக்கு அடுப்புப் பத்த வைப்பீங்கம்மா? அந்த நேரத்துல பாப்பா எங்கே இருக்கும்?” என்று கேட்பார். பல் துலக்கும்போது சுவரோரம் நிற்க வைப்பது, எண்ணெய் தேய்க்கும்போதே கணுக்காலை மெல்ல மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பது, தொலைக்காட்சி பார்க்கும்போது கால்நீட்டி உட்கார வைப்பது என்று ஏற்கெனவே நடக்கும் வேலைகளோடு பயிற்சியைச் சேர்த்துவிடுவார். அடுத்த வாரம் வரும்போது, செய்தீர்களா என்று மிரட்டாமல், எது முடிந்தது என்று விசாரிப்பார். வீட்டுப்பாடம் கொடுக்கும் நம் அனைவருக்கும் இதில் கற்க நிறைய இருக்கிறது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

கீழ்க்கண்டவற்றுக்குப் பெரும்பாலும் செலவில்லை. குழந்தைக்குக் குழந்தை தேவை மாறும் என்பதால், இயன்முறை மருத்துவரிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் கேட்டு உறுதிசெய்துகொண்டு தொடங்குவது நல்லது.

1. பாதம் தரையில் பதியட்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருப்பதே நல்ல அமர்வு. கால் எட்டவில்லையென்றால் ஒரு மரப்பலகையைப் பாதத்தின் கீழ் வைக்கலாம். உடல் ஆடிக்கொண்டிருந்தால் கை எழுதாது. கையெழுத்துக் கோணலாக இருக்கும் பல குழந்தைகளின் சிக்கல் கையில் இல்லை, காலடியில் இருக்கிறது.

2. மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். மேசை மிக உயரமானால் தோள் தூக்கிக்கொள்ளும், தாழ்ந்தால் முதுகு வளையும்.

3. ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார வைக்க வேண்டாம். நோட்டு வாங்கி வருதல், கரும்பலகையில் தேதி எழுதுதல் போன்ற பொறுப்புகளை அவர்களுக்கும் கொடுங்கள். நிற்பதே சிலருக்கு மருந்து.

4. தாங்கு காலணியும் கேலிப்பரும் பள்ளியிலும் அணியப்பட வேண்டும். கழற்றிய பின் தோலில் சிவப்புத் தடம் 20 நிமிடத்துக்கு மேலும் மறையாமல் இருந்தால், அளவு சிறிதாகிவிட்டது என்று பொருளாகலாம். பெற்றோரிடம் சொல்லுங்கள்.

5. கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம். தோள் மூட்டுக்கு அது கேடு. எழுவதற்குப் பிடிமானமாக ஒரு நாற்காலியைத் தள்ளி வையுங்கள். உடன் படிக்கும் மாணவர்களுக்கும் இதைச் சொல்லித் தாருங்கள்.

6. உணவு இடைவேளைக்கும் வீட்டுக்கும் ஐந்து நிமிடம் முன்னதாக அனுப்புங்கள். கூட்டத்தில் இடிபட்டு விழுந்த குழந்தை, அடுத்த நாள் நடக்கவே அஞ்சும்.

7. சாய்தளம் அமைக்கும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவை வலியுறுத்துங்கள். செங்குத்தான சாய்தளத்தில் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிச் செல்ல முடியாது.

8. விளையாட்டு வேளையில் பையைக் காவல் காக்க உட்கார வைக்க வேண்டாம். எறிபந்து, இலக்கு நோக்கி எறிதல், உட்கார்ந்தபடி பந்து உருட்டுதல் என விதியைச் சற்று மாற்றினால் அவர்களும் ஆடலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாட்டு வகைகளை 21 ஆக விரிவுபடுத்தியது. அத்துடன், தேவையான வசதிகளைச் செய்துதருவதைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக ஆக்கியது. எனவே மேலே கூறியவற்றில் பல, நாம் காட்டும் இரக்கம் அல்ல, குழந்தையின் உரிமை.

மேல்நிலை மாணவர்களுக்குச் சொல்ல

உயிரியல் பிரிவு மாணவர்களில் மருத்துவ இடம் கிடைக்காதவர்கள் துவண்டுபோவதைப் பார்க்கிறோம். இயன்முறை மருத்துவத்தை ‘அது கிடைக்காவிட்டால் இது’ என்று அறிமுகப்படுத்தாமல், தனித்த ஒரு தொழிலாகவே சொல்ல வேண்டும். 1894இல் இங்கிலாந்தில் நான்கு செவிலியர்கள் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்த தொழில் இது. 1951 செப்டம்பர் 8 அன்று உலகக் கூட்டமைப்பு உருவானதால், அந்த நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதைப் பற்றிப் பேசலாம்.

பட்டப் படிப்பு பி.பி.டி. எனப்படும். உடற்கூறியல், உடலியங்கியல், உடல் அசைவின் இயற்பியல் ஆகியவற்றுடன் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. நம் மாநிலக் கல்லூரிகளில் பல தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. திருச்சிராப்பள்ளியில் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி உள்ளது. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும் இப்படிப்பு உண்டு. தனியார் கல்லூரிகள் பல உள்ளன. முதுநிலையில் எலும்பு மூட்டு, நரம்பியல், இதய நுரையீரல், குழந்தைகள் நலம், விளையாட்டு எனப் பிரிவுகள் இருக்கின்றன. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இத்துறையையும் உள்ளடக்கியது. அதைத் தொடர்ந்து பாடத்திட்டமும் சேர்க்கை விதிகளும் மாறி வருகின்றன. எனவே அந்தந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்த பின்னரே மாணவருக்கு வழிகாட்ட வேண்டும்.

பணியிடங்கள் மருத்துவமனையோடு முடிவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் சளியை வெளியேற்றி மூச்சைச் சீராக்குவது முதல், விளையாட்டு வீரரைக் களத்துக்குத் திருப்பி அனுப்புவது வரை இவர்களின் பங்கு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பக்கவாதத்தால் வீட்டிலேயே கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீடு தேடிச் சென்று பயிற்சி தருகிறார். நம் வட்டார வள மையங்களும் பணியிடங்களே.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் வருமானம் குறைவாக இருக்கலாம். தொகுப்பூதியத்தில் பணிபுரிவோர் பலர். நாள் முழுவதும் நின்று, குனிந்து, தூக்கிச் செய்யும் உடலுழைப்பு இது. பலன் உடனே தெரியாது. ஒரு குழந்தை பத்துப் பாகை கூடுதலாகக் காலை நீட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். இதையெல்லாம் கேட்ட பிறகும் கண்ணில் ஒளி குறையாத மாணவரே இத்துறைக்கு ஏற்றவர். மதிப்பெண்ணைப் போலவே பொறுமையையும் பார்த்து வழிகாட்டுவோம்.

ஜூன் மாதத்தில் கேட்க மூன்று கேள்விகள்

கல்வியாண்டின் தொடக்கத்தில், நம் வகுப்பில் உடல் இயக்கக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால், வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த ஆண்டு இந்தக் குழந்தைக்கு நீங்கள் வைத்திருக்கும் இலக்கு என்ன? அதற்காக வகுப்பறையில் நான் செய்ய வேண்டியது என்ன? நான் செய்யவே கூடாதது என்ன?

விடைகளை ஒரு தாளில் எழுதி, வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்தால், பாடவேளை மாறி வரும் ஆசிரியரும் அறிந்துகொள்வார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றால், அவர் அறியாத ஒரு செய்தியை நாம் சொல்ல முடியும். குழந்தை எங்கே தடுமாறுகிறது, எந்த நேரத்தில் களைக்கிறது, யாரோடு இருக்கும்போது அதிகம் நடக்கிறது என்பதெல்லாம் வாரத்துக்கு 30 மணி நேரம் உடன் இருக்கும் நமக்குத்தான் தெரியும். அவருடைய அறிவும் நம்முடைய கவனிப்பும் ஒரே தாளில் சேரும்போது, அந்த வாராந்திர 45 நிமிடம் வீணாகாது.